மைல்கல் பட்டியலில் இல்லாத போல்ட்

எந்தத் தீம் பார்க் கம்பெனியின் வரலாற்றை எடுத்துக்கொண்டாலும் அதற்கு ஒரு அச்சு வார்ப்பு இருக்கிறது. இடமிருந்து வலமாக ஒரு கோடு, கோட்டின் மேல் வட்டங்கள், வட்டத்துக்குள் வருடங்கள். முதல் பூங்கா திறப்பு, இரண்டாம் பூங்கா திறப்பு, வெளிநாட்டில் திறப்பு, புது ரைடு திறப்பு. கிட்டத்தட்ட எல்லா வட்டமும் ரிப்பன் வெட்டுதான். நம்ம டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டு மாதிரி: சிம்போசியம் தொடக்க விழா போட்டோ இருக்கும், முந்தின நாள் ராத்திரி மூணு மணிக்கு ஸ்டேஜ் வயரிங் போட்டவன் போட்டோ இருக்காது.

இந்த வகையில் உலகத்திலேயே பெரிய பட்டியல் டிஸ்னியுடையது. 1955 கலிபோர்னியா, 1971 ஃப்ளோரிடா, 1983 டோக்கியோ, 1992 பாரிஸ், 2005 ஹாங்காங், 2016 ஷாங்காய். தேதிகளில் தப்பே கிடையாது. ஆனால் இன்ஜினியரிங் படிக்கிற நாம் படிக்க வேண்டியது இந்தப் பட்டியல் இல்லை என்பது என் கருத்து. நமக்கு வேண்டிய மைல்கற்கள் இதற்கு நடுவில் இருக்கின்றன. அவற்றில் இரண்டை யாரும் விருப்பத்தோடு எழுத மாட்டார்கள். அவை கடைசியில் வரும்.

முதலில் பணம். வால்ட் டிஸ்னியும் அண்ணன் ராயும் 1923-இல் கார்ட்டூன் ஸ்டூடியோ ஆரம்பித்தார்கள். கணக்கு வழக்கு ராய் கையில், கனவு வால்ட் கையில். குடும்பத்தோடு போக ஒரு பூங்கா கட்டலாம் என்று வால்ட் சொன்னபோது ராய் உடனே தலையாட்டிவிடவில்லை. வால்ட் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி, 1952-இல் தனியாக ஒரு கம்பெனி வைத்து வடிவமைப்பு வேலையைத் தொடங்கினார். அது போதவில்லை. 1954-இல் ஏபிசி தொலைக்காட்சி 5 லட்சம் டாலர் முதலீடு போட்டு, 45 லட்சம் டாலர் கடனுக்கும் ஜாமீன் நின்றது. பதிலுக்குப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்கும், வாரா வாரம் ஒரு டிவி நிகழ்ச்சியும். சினிமா ஸ்டூடியோக்கள் டிவியைப் பகையாளியாகப் பார்த்த காலம் அது. அந்த நிகழ்ச்சி 1954 அக்டோபரிலேயே ஓட ஆரம்பித்துவிட்டதால், பூங்கா கட்டி முடிவதற்குள் அமெரிக்க வீடுகளில் அதன் பெயர் பழகிப்போயிருந்தது.

இடம் எங்கே என்ற கேள்விக்கு வால்ட் சகுனம் பார்க்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார். அங்கே அதைச் செய்தவர் ஹாரிசன் ப்ரைஸ். கால்டெக்கில் மெக்கானிக்கல் படித்தவர்! மக்கள்தொகை எந்தப் பக்கம் நகர்கிறது, நெடுஞ்சாலை எங்கே வரப்போகிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு, அனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பைக் காட்டினார். அன்றைக்கு அது சின்ன ஊர். மெக்கானிக்கல் படித்துவிட்டு டேட்டாவில் வேலை பார்ப்பதை வழி தவறிப்போனதாக வீட்டில் யாராவது வருத்தப்பட்டால், இவர் பெயரைச் சொல்லுங்கள்.

1954 ஜூலையில் மண் தோண்டினார்கள், 1955 ஜூலை 17-இல் திறந்தார்கள். ஒரே வருடம், 1 கோடியே 70 லட்சம் டாலர். கட்டுமானத்தை மேற்பார்த்தவர் ஜோ ஃபௌலர், ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி. பட்டியலில் இந்தத் தேதி பெரிய வட்டமாக இருக்கும். அந்த நாளில் உண்மையில் நடந்தது வேறு. போலி டிக்கெட்டுகளோடு கூட்டம் உள்ளே புகுந்தது. கொளுத்தும் வெயில். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் ஹீல்ஸ் செருப்பு அதில் பதிந்தது. எரிவாயுக் கசிவால் ஒரு பகுதியைக் கொஞ்ச நேரம் மூட வேண்டியிருந்தது. திறப்புக்கு முன் பிளம்பர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால், குடிநீர்க் குழாயா கழிப்பறையா, ஏதாவது ஒன்றைத்தான் நேரத்துக்கு முடிக்க முடியும் என்ற நிலை. வால்ட் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். குளிர்பானம் விற்கத்தான் தண்ணீர் வைக்கவில்லை என்று பத்திரிகைகள் வறுத்தெடுத்தன.

என்னைக் கேட்டால் மைல்கல் ஜூலை 17 இல்லை, ஜூலை 18. மறுநாள் காலையில் அதே பூங்காவை அதே ஆட்கள் திறந்தார்கள். அடுத்த பல வாரங்கள் பழுது பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள் 10 லட்சம் பேர் வந்துபோனார்கள். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் டெமோ சொதப்பினால் அதோடு உலகம் முடிந்தது மாதிரி உட்கார்ந்துவிடுகிறோம். டெமோவைத் தாண்டி ஒரு பொருள் மறுநாளும் ஓட வேண்டும் என்பது நம் சிலபஸில் எங்கேயும் இல்லை.

அடுத்து 1959. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மெக்கானிக்கல் பசங்க குறிப்பாக.

அதுவரை ரோலர் கோஸ்டர் என்றால் மரச் சட்டங்களின் மேல் தட்டையான இரும்புப் பட்டை. மரத்தை இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் மலையை நகலெடுத்து, அதன் உள்ளேயும் வெளியேயும் சறுக்கு வண்டி ஓட வேண்டும் என்பது டிஸ்னியின் ஆசை. அந்த நெருக்கடியான வளைவுகளுக்கு மரத்தடம் ஒத்துவராது. மவுண்டன் வியூ என்ற ஊரில் ஏரோ டெவலப்மென்ட் என்று ஒரு சின்ன பட்டறை. உலகப்போர் முடிந்ததும் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த மெஷின் ஷாப் அது. எட் மோர்கன், கார்ல் பேக்கன் என்ற இருவர் அதில் முக்கியமானவர்கள். அவர்கள் எஃகுக் குழாயையே தண்டவாளமாக்கினார்கள். குழாய்க்கு எந்தப் பக்கமும் ஒரே வலிமை. மேலும் கீழும், இடமும் வலமும், ஒரே நேரத்தில் இரண்டுமாகவும் வளைக்கலாம். சக்கரம் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று குழாயைக் கவ்விக்கொள்ளும். இன்றைக்கு நீங்கள் எந்த ஊரில் எந்த எஃகுக் கோஸ்டரில் தலைகீழாகச் சுற்றினாலும் அதன் பாட்டன் இந்தக் குழாய்தான்.

அதே ரைடில் இன்னொரு விஷயமும் நடந்தது, குழாயை விடச் சுவாரசியமானது. தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி பிரேக் வைத்தார்கள். முன்னால் போகிற வண்டி ஒரு பகுதியைத் தாண்டும்வரை பின்னால் வருவது அதற்குள் நுழையாது. ரயில்வே சிக்னலில் பழகிய அதே பிளாக் முறை. இதனால் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் பல வண்டிகள் விடலாம். பாதுகாப்புக்கான ஏற்பாடுதான், ஆனால் வரிசையில் நிற்கிறவர்களையும் வேகமாக உள்ளே இழுத்தது. பாதுகாப்பும் லாபமும் எதிரெதிர் என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஏரோவுக்கு என்ன ஆனது? 1960-இல் டிஸ்னி அதில் மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. 1975-இல் பக்கத்துப் பூங்கா ஒன்றுக்குத் திருகுபோல் சுழலும் தடத்தைச் செய்து கொடுத்ததும் ஏரோதான். கடைசியில் 2001-இல் திவாலானது. பெரிய கம்பெனியின் கோட்டில் மேட்டர்ஹார்ன் வட்டமாக இருக்கிறது. பட்டறையின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

இசிஈ பக்கம் வருவோம். 1963-இல் திறந்த டிக்கி ரூமில் பறவைகள் பாடி, அலகைத் திறந்து மூடின. அவற்றை இயக்கியது காந்த நாடாவில் பதிந்த ஒலி சமிக்ஞைகள். ஒரு ஒலி வந்தால் ஒரு ரிலே, அந்த ரிலே ஒரு அசைவு. மைக்ரோகன்ட்ரோலர் பெயர்கூடப் பிறக்காத காலம். மறு வருடம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் நான்கு காட்சிகளை மற்றவர்கள் செலவில் செய்தார்கள்: ஃபோர்டு, ஜெனரல் எலக்ட்ரிக், பெப்சி, இல்லினாய் மாநிலம். லிங்கன் எழுந்து நின்று பேசினார், குழந்தைப் பொம்மைகளுக்கு நடுவே படகு போனது. அடுத்தவர் காசில் ஆராய்ச்சி செய்து, கண்காட்சி முடிந்ததும் பல உருப்படிகளைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்து பொருத்திக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், குறை சொல்ல எதுவுமில்லை.

ஃப்ளோரிடா கதையின் அரசியல் பாகம் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். வேறு வேறு பெயர்களில் கம்பெனி வைத்து, கிட்டத்தட்ட 27,000 ஏக்கர் சதுப்பு நிலத்தைச் சத்தமில்லாமல் வாங்கினார்கள். 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை குட்டை உடைத்தது. 1966 டிசம்பரில் வால்ட் இறந்துபோனார். ஓய்வு பெறவிருந்த ராய் அந்த எண்ணத்தைத் தள்ளிவைத்தார். 1967-இல் மாநிலம் அந்த நிலத்துக்கு ரீடி கிரீக் என்று தனி மாவட்டமே அமைத்துக் கொடுத்தது. சாலை, வடிகால், கட்டட அனுமதி எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். 1971 அக்டோபர் 1-இல் பூங்கா திறந்தது. அண்ணன் அதற்குத் தம்பியின் முழுப் பெயரை வைத்தார். அதே டிசம்பரில் அவரும் போய்விட்டார். மாநில அரசோடு சண்டை வந்து 2023-இல் அந்த மாவட்டத்தின் கட்டுப்பாடு கைமாறியது தனிக் கதை.

எனக்குப் பிடித்தது சிவில் பாகம். கலிபோர்னியாவில் ஒரு நாள் கௌபாய் வேஷம் போட்ட ஊழியர் ஒருவர் தன் பகுதிக்குப் போக, விண்வெளிக் காலப் பகுதியின் குறுக்கே நடந்து போனதைப் பார்த்து வால்ட் எரிச்சலானார் என்பார்கள். ஃப்ளோரிடாவில் ஊழியர்கள் போக அடியில் சுரங்கப்பாதை வேண்டும். ஆனால் அங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். என்ன செய்தார்கள்? தோண்டவே இல்லை. சுரங்கப்பாதையைத் தரைமட்டத்தில் கட்டி, பக்கத்தில் ஏரி வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டி, அதன் மேல் பூங்காவைக் கட்டினார்கள். அதாவது பார்வையாளர்கள் நடக்கிற தெரு உண்மையில் இரண்டாவது மாடி. அந்தப் பாதைக்குள் மின்கம்பி, குழாய், ஊழியர்கள், சமையல் சாமான் எல்லாம் போகும். கூடவே குப்பை. ஸ்வீடனில் உருவான முறை ஒன்றைக் கொண்டுவந்து, குப்பையைக் காற்றழுத்தத்தால் குழாய் வழியே உறிஞ்சி வெளியே தள்ளினார்கள். கோட்டையின் படம் எத்தனை ஸ்டேட்டஸில் வந்திருக்கும்! குப்பைக் குழாயின் படத்தை யார் போடுவார்கள்? ஆனால் கோட்டை அழகாக இருப்பது குழாயின் புண்ணியத்தில்.

வெளிநாட்டுக் கிளைகளில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ பூங்காவின் சொந்தக்காரர் டிஸ்னி இல்லை. ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி. டிஸ்னிக்கு உரிமத்தொகை மட்டும். அது ஓஹோவென்று ஓடியதும், பாரிஸில் 49 சதவீதப் பங்கோடு நேரடியாக இறங்கினார்கள். அங்கே கூட்டம் எதிர்பார்த்தபடி வரவில்லை. கடன் கழுத்தை நெரித்து, இரண்டே வருடத்தில் மறுசீரமைப்புக்குப் போனது. சாப்பாட்டோடு ஒயின் கிடையாது என்று ஃப்ரான்ஸில் போய்ச் சட்டம் பேசினார்கள் என்றால் மற்றதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். அந்தத் தடையை மறுவருடமே எடுத்துவிட்டார்கள்.

சரி, வரிசைக்கு வருவோம். இது சிஎஸ்ஈ காரர்களின் ஏரியா.

ஆரம்பத்தில் உள்ளே நுழைய ஒரு சீட்டு, ஒவ்வொரு ரைடுக்கும் தனிச் சீட்டு. 1955 அக்டோபரில் ஏ, பி, சி என்று தரம் பிரித்துக் கூப்பன் புத்தகம் வந்தது. 1959-இல் மேட்டர்ஹார்ன் போன்ற பெரிய ரைடுகளுக்காக ஈ டிக்கெட் சேர்ந்தது. 1982 வாக்கில் அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே நுழைவுச்சீட்டு. இதற்கிடையே வரிசையைக் குறைக்க நிஜமான இன்ஜினியரிங் செய்தார்கள். 1967-இல் வந்த ஆம்னிமூவரைப் பாருங்கள்: பெட்டிகள் சங்கிலியாகக் கோத்தபடி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், நகரும் நடைமேடையில் நடந்தபடியே ஏறிக்கொள்ள வேண்டும். பெட்டிக்கு இரண்டு பேர், மூன்று நொடிக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால்கூட மணிக்கு 2,400 பேர். வரிசைக்கு இதுதான் மருந்து: கொள்ளளவைக் கூட்டுவது.

1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. இயந்திரத்தில் சீட்டு எடுத்தால் ஒரு நேரம் கொடுக்கும், அந்த நேரத்துக்கு வந்தால் குறுக்கு வழியில் போகலாம். காசு கிடையாது. எல்லோரும் எடுக்கலாம், காலையில் சீக்கிரம் வந்தவர் முதலில் எடுப்பார். 2021-இல் அதை நிறுத்திவிட்டு, அதே குறுக்கு வழியைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். பெயர் லைட்னிங் லேன்.

இதை ஒரு முன்னேற்றமாக எழுதுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். கணக்கு எளிது. ரைடு மணிக்கு 1,500 பேரைத்தான் ஏற்றும் என்றால், காசு கொடுத்தவர் முன்னால் போவதால் 1,501 ஆகிவிடாது. முன்னால் போனவர் மிச்சம் பிடித்த ஒவ்வொரு நிமிடமும் பின்னால் நிற்கிற யாரோ ஒருவர் தலையில்தான் விழும். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பரில் ப்ரயாரிட்டி ஷெட்யூலிங், ஸ்டார்வேஷன் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறோமே, அதேதான், இங்கே காத்திருப்பது ப்ராசஸ் இல்லை, ஆறு வயதுக் குழந்தை.

"எங்கேதான் இல்லை, கோயில்லயே சிறப்பு தரிசனம் இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் காலக் கூப்பனும் காசுதானே என்றும் கேட்கலாம். கூப்பனுக்குக் காசு வாங்கினார்கள், ஆனால் வரிசையில் நின்ற பிறகு பேங்க் மேனேஜர் பிள்ளையும் பெயின்டர் பிள்ளையும் ஒரே வரிசை. இப்போது வரிசை நீளமாக இருந்தால்தான் குறுக்கு வழி விலை போகும். ஆம்னிமூவர் மாதிரி இன்னொன்றைக் கண்டுபிடிக்க எந்த மேனேஜ்மென்டுக்கு அவசரம் இருக்கும்? ஒரு இன்ஜினியரிங் பிரச்சினையை விலைப்பட்டியலாக மாற்றியாகிவிட்டது. எனக்கு உறுத்துவது அதுதான்.

இப்போது அந்த இரண்டு தேதிகள்.

1998 டிசம்பர் 24, கலிபோர்னியா பூங்கா. கொலம்பியா என்ற பாய்மரக் கப்பல் கரைக்கு வருகிறது. கப்பல் முழுதாக நிற்பதற்கு முன்பே கரையிலிருந்து கயிற்றை அதன் உலோகக் கட்டுக்கொக்கியில் மாட்டிவிட்டார்கள். கப்பலின் உந்தத்தில் கொக்கி பிய்த்துக்கொண்டு வந்து, ஏறக் காத்திருந்தவர்கள் மேல் பாய்ந்தது. ஒரு பார்வையாளர் இறந்தார். அவர் மனைவியும் ஒரு ஊழியரும் படுகாயமடைந்தார்கள். அன்று அந்த இடத்தில் நின்றவர் வழக்கமான ஆள் இல்லை. மாற்றாக வந்த மேற்பார்வையாளர், அந்த வேலைக்குப் போதிய பயிற்சி இல்லாதவர். மாநிலப் பணிப்பாதுகாப்புத் துறை அபராதம் போட்டது.

நமக்கு ஆச்சரியம் இங்கேதான். ஊர் ஊராகப் போகிற திருவிழா ராட்டினங்களைச் சோதிக்க கலிபோர்னியாவில் அன்று ஆள் இருந்தது. ஒரே இடத்தில் நிற்கிற பெரிய பூங்காக்களைச் சோதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் 1981 முதல் நிலையான பூங்காக்கள் மேல் அதிகாரம் கிடையாது. இந்த விபத்துக்குப் பிறகு, 1999-இல்தான் கலிபோர்னியா அதற்கென்று சட்டம் கொண்டுவந்தது. பூங்கா திறந்து 44 வருடம் கழித்து.

2003 செப்டம்பர் 5. அதே பூங்காவில் பிக் தண்டர் மவுண்டன், சுரங்க ரயில் வடிவில் ஒரு கோஸ்டர். ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் இருந்த இன்ஜினின் சக்கரத் தொகுதி ஒன்று கழன்று, இன்ஜின் தடம் புரண்டு, பின்னால் வந்த பெட்டியில் சிக்கியது. 22 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். பத்துப் பேருக்குக் காயம். நம் சீனியர் வயது.

மாநில விசாரணை சொன்னதைப் படித்தால் தூக்கம் வராது. புது டிசைன் எதுவும் தோற்கவில்லை. எஃகு திடீரென்று உடையவில்லை. பராமரிப்பின்போது இரண்டு போல்ட்டுகளை விதிப்படி முறுக்கவில்லை. அவை தளராமல் பிடிக்க வேண்டிய பாதுகாப்புக் கம்பியை மாட்டவில்லை. ஆனால் வேலை முடிந்ததாகக் காகிதத்தில் கையெழுத்து விழுந்திருந்தது. வழக்கமில்லாத சத்தம் வருவதை ரைடை இயக்கியவர்கள் கவனித்திருந்தும் ரயில் மறுபடி ஒரு சுற்று போனது. மெக்கானிக்குகளுக்கும் மேலாளர்களுக்கும் மறுபயிற்சி கொடுக்க உத்தரவு வந்தது.

லேப் ரெக்கார்டில் ரீடிங் எடுக்காமலே ரீடிங் எழுதுகிற பழக்கம் நம்மிடம் எவ்வளவு சகஜம் என்று சொல்ல வேண்டியதில்லை. மெயின்டனன்ஸ் வேலை என்றால் ப்ளேஸ்மென்ட் சீசனில் முகம் சுளிப்பதும் அவ்வளவு சகஜம். டிசைன் கிடைத்தால் கெத்து, மெயின்டனன்ஸ் கிடைத்தால் "பரவாயில்லடா, மாறிக்கலாம்". மேட்டர்ஹார்ன் குழாயை வளைத்தவர்களின் மூளைக்கு நான் கைதட்டுகிறேன். ஆனால் அந்தக் குழாய் கொடுத்த வேகத்தில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் பறக்கும்போது, அவர்களை உயிரோடு தரையிறக்குவது விடியற்காலை ஐந்து மணிக்கு டார்க் ரெஞ்சோடு தடத்தில் நடக்கிறவர். அவர் வேலை சரியாக நடந்த நாளுக்கு வட்டம் கிடையாது. நடக்காத நாளுக்கும் வட்டம் கிடையாது. 2003-ஐ அந்தக் கோட்டில் எழுதுங்கள் என்று ஒரு கம்பெனியிடம் கேட்பது அதிகப்படியாகத் தோன்றலாம். விமானத்துறையில் விபத்து அறிக்கையைப் படிக்காமல் யாரும் பாடம் நடத்துவதில்லை. ரைடு மட்டும் என்ன விதிவிலக்கு?

விதிவிலக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. ஃப்ளோரிடாவில் இன்றைக்கும், 1,000 பேருக்கு மேல் வேலை பார்க்கிற, சொந்தமாக முழுநேரச் சோதனையாளர்களை வைத்திருக்கிற பெரிய பூங்காக்களுக்கு மாநில அரசின் வழக்கமான ரைடு சோதனை கிடையாது. காயப்பட்டவர்கள் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களே மாநிலத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். வயது, ரைடின் பெயர், என்ன ஆனது என்று ஆளுக்கு ஒரு வரி. பொதுவில் கிடைக்கிற ஆவணம்தான். அடுத்த செமினாருக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைகிறவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.